திரும்பும் டிக்கெட் யார் கையில்? மதராஸ் ஆயாக்கள் முதல் வளைகுடா வீட்டு வேலை வரை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதராசிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறியவர்களின் பட்டியல்களைப் புரட்டினால் ஓர் ஒழுங்கு கண்ணில் படும். ராணுவ அதிகாரிக்குப் பதவியோடு பெயர் இருக்கும். அவர் மனைவிக்குக் கணவர் பெயரை ஒட்டிய ஒரு பெயர். குழந்தைகளுக்கு எண்ணிக்கை மட்டும். வரியின் கடைசியில் ‘ஆயா’ என்ற ஒற்றைச் சொல். அவள் பெயர், ஊர், வயது எதுவும் இருக்காது. ஆறாயிரம் மைலுக்கு மேல் அந்தக் குழந்தைகளைத் தூக்கிச் சுமந்து, ஊட்டி, தூங்கவைத்துக் கொண்டுபோனவள் அவள்தான்.

அயல்நாட்டுக் குடும்பத்தோடு தங்கி அவர்கள் பிள்ளைகளை வளர்க்கும் வேலையை இன்று ஐரோப்பாவில் ‘ஒ பேர்’ என்கிறார்கள். இளம்பெண் ஒருத்தி விருந்தினர்போல ஒரு வீட்டில் தங்கி, மொழி கற்றுக்கொண்டு, குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு அது. வடசென்னைக் கடற்கரைக்கு இந்த ஏற்பாடு வந்து சேரவில்லை. ஆனால் அதற்கு நூறாண்டு முன்பே, அதைவிடக் கடினமான நிபந்தனைகளில், இதே வேலைக்காகப் பெண்கள் இங்கிருந்து கடல் கடந்தார்கள். கப்பல் போய் விமானம் வந்தது. லண்டன் போய் குவைத் வந்தது. பயணம் மட்டும் நிற்கவில்லை.

இந்த நீண்ட வரலாற்றில் ஊதியத்தையும் வேலை நேரத்தையும் விட அந்தப் பெண்ணின் கதியைத் தீர்மானித்தது வேறொன்று என்பதே இக்கட்டுரையின் வாதம். திரும்பி வருவதற்கான பயணச் செலவு யார் பொறுப்பு, டிக்கெட் யார் கையில் இருக்கிறது என்ற கேள்விதான் அது. கிழக்கிந்தியக் கம்பெனி அரசு முதல் இன்றைய இந்திய அரசு வரை ஆட்சியாளர்கள் அனைவரும் இந்தக் கேள்விக்குத்தான் ஏதோ ஒரு பதில் சொல்ல முயன்றிருக்கிறார்கள். பதில் சொல்ல மறுத்தவர்களும் உண்டு.

அலை தாண்டி

மதராசுக்கு நெடுங்காலம் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து விலகித் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்கும். இடையில் இருந்த முறியலைகளை மசூலா படகுகளில்தான் கடக்க வேண்டும். ஆணி அடிக்காமல், தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய படகுகள் அவை. அலை அடித்தால் வளைந்து கொடுக்கும், உடையாது. அவற்றைச் செலுத்திய படகுக்காரச் சமூகத்தார் ராயபுரத்தில் குடியிருந்தார்கள். அங்குள்ள புனித ராயப்பர் தேவாலயத்தை 1829இல் எழுப்பியவர்களும் அவர்களே. துரைசானியும் குழந்தைகளும் ஆயாவும் ஒரே படகில் நனைந்தபடிதான் கப்பலுக்குப் போனார்கள். 1860களின் தொடக்கத்தில் இரும்புப் பாலம் வந்தது. 1870களின் நடுவில் செயற்கைத் துறைமுக வேலை தொடங்கியது. 1881 நவம்பர் புயல் அதைப் பெருமளவு சிதைத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சிஸ் ஸ்பிரிங் பொறுப்பேற்று வாயிலை வடகிழக்குப் பக்கம் திருப்பிய பிறகுதான் அது நம்பத்தக்க துறைமுகமானது.

ராயபுரம் ரயில் நிலையம் 1856இல் திறக்கப்பட்டது. தென்னிந்தியாவின் முதல் ரயில் அங்கிருந்துதான் வாலாஜா ரோடு நோக்கிக் கிளம்பியது. படைமுகாம்களிலிருந்தும் உள்மாவட்டங்களிலிருந்தும் ஊர் திரும்பும் வெள்ளைக்காரக் குடும்பங்கள் இனி ரயிலில் வந்து இறங்கிக் கப்பலேறலாம். ரயில் நிலையம், கடற்கரை, கறுப்பர் நகரம், படகுக்காரர் குடியிருப்பு எல்லாம் நடந்து போகும் தூரத்தில் இருந்தன. பயண வேலைக்கு ஆயா வேண்டுமென்றால் தேடிக் கண்டுபிடிக்க இதைவிடத் தோதான இடம் மாகாணத்தில் இல்லை.

பயணமும் குறுகிக்கொண்டே வந்தது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் பாய்மரக் கப்பலில் போனால் நான்கைந்து மாதம் ஆகும். 1842இல் பி அண்ட் ஓ நிறுவனத்தின் ‘ஹிந்துஸ்தான்’ நீராவிக் கப்பல் கல்கத்தா வழித்தடத்துக்காக வந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. அதன்பின் பயணம் சில வாரங்களுக்குள் அடங்கியது. பயணம் சுருங்கச் சுருங்க, குடும்பத்தோடு போய்வருவது சகஜமானது. பிள்ளைகளைப் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்புவதும், பிரசவத்துக்கும் விடுப்புக்கும் மனைவியர் போவதும் பெருகின. கடல்மயக்கத்தில் படுத்துவிடும் தாய்க்கும் அழுகிற குழந்தைக்கும் நடுவில் ஒருத்தி தேவைப்பட்டாள். பயண ஆயா என்ற தனித் தொழில் இப்படித்தான் பிறந்தது. வீட்டில் ஆண்டுக்கணக்கில் வேலை செய்த ஆயா இவளல்ல. ஒரு பயணத்துக்கு மட்டும் அமர்த்தப்பட்டு, அக்கரையில் குழந்தையை ஒப்படைத்துவிட்டு, இன்னொரு குடும்பத்தோடு திரும்புகிறவள்.

மதராஸ் ஆயாக்களுக்கு இந்தச் சந்தையில் தனி மதிப்பு இருந்தது. வட இந்திய நகரங்களின் ஆங்கிலேயக் குடும்பங்களும் அவர்களை விரும்பினார்கள். காரணம் மர்மமல்ல. மதராஸ் வீட்டுப் பணியாளர்கள் ஒருவகை ஆங்கிலம் பேசுவார்கள். 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி அதற்கு ‘பட்லர் இங்கிலீஷ்’ என்று தனிப்பதிவே தந்திருக்கிறது. இந்த வேலைக்கு வந்தவர்களில் கிறிஸ்தவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் அதிகம். கடல் கடந்தால் சாதி போய்விடும் என்ற அச்சமோ, இன்னார் சமைத்ததை உண்ணக்கூடாது என்ற தடையோ அவர்களுக்குக் குறைவு. சாதி அவர்களுக்கு ஊரில் மறுத்ததையே, கப்பலில் தகுதியென்று துரைசானிகள் எண்ணிக்கொண்டார்கள். இதை முன்னேற்றம் என்று எழுதும் ஆய்வாளர்கள் உண்டு. எனக்கு அதில் அவ்வளவு உற்சாகம் இல்லை. வேறு வழிகள் அடைபட்டவர்கள் திறந்திருந்த ஒரே வழியில் போனார்கள் என்று சொல்வது உண்மைக்கு நெருக்கம்.

வீட்டுப் பணியாளர்களில் ஆண்களின் பெயர் சில நேரம் வரலாற்றில் நிலைத்துவிடுகிறது. அயோத்திதாசப் பண்டிதரின் பாட்டனார் கந்தப்பன், ஹாரிங்டன் என்ற ஆங்கிலேயரிடம் பட்லராக இருந்தவர். திருக்குறள் சுவடி அவர் வழியாக மதராஸ் அதிகாரி எல்லிஸ் துரையிடம் போய்ச் சேர்ந்தது என்று அயோத்திதாசர் தம் பத்திரிகையில் எழுதியிருக்கிறார். அதே வீடுகளின் குழந்தை அறையில் வேலை பார்த்த பெண்களைப் பற்றிச் சொல்ல அப்படி ஒரு பேரனோ பேத்தியோ பத்திரிகை நடத்தவில்லை.

பிணைத்தொகை

கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆயாக்கள் மேல் தனிக் கரிசனம் ஏதும் இல்லை. லண்டன் தெருவில் கைவிடப்பட்ட இந்தியப் பணியாளர்கள் கம்பெனியின் வாசலில் வந்து நின்றதுதான் தொல்லையாக இருந்தது. அவர்களுக்குச் சோறு போட்டுத் திருப்பி அனுப்பும் செலவு தன் தலையில் விழுந்ததும் கம்பெனி ஒரு வழி கண்டது. இந்தியப் பணியாளரை அழைத்துப் போகிறவர் கிளம்பும்போதே பணம் கட்டி வைக்க வேண்டும், அல்லது பிணை எழுதித் தர வேண்டும். பணியாளர் ஊர் திரும்பினால் தொகை விடுவிக்கப்படும். இல்லையென்றால் அந்தப் பணத்திலிருந்தே அவரைத் திருப்பி அனுப்பும் செலவு எடுத்துக்கொள்ளப்படும். தன் கஜானாவைக் காக்கவே கம்பெனி இதைச் செய்தது என்றாலும், ஏற்பாட்டின் சூட்சுமம் சரியாகவே இருந்தது. எஜமானரின் நல்ல மனதை நம்பாமல் அவருடைய பணத்தைப் பிடித்து வைத்தது அது.

கம்பெனி ஆட்சி 1858இல் முடிந்தது; லண்டனிலிருந்து இந்திய நிர்வாகத்தைக் கவனிக்க இந்தியா ஆபீஸ் என்ற அரசுத் துறை வந்தது. பிணைத்தொகை ஏற்பாடு வலுவிழந்தது. ஆயாக்கள் தனியார் அமர்த்திய வேலைக்காரர்கள், அவர்களை ஊருக்கு அனுப்புவது அரசின் கடமையல்ல என்பது இந்தியா ஆபீஸின் நிலைப்பாடானது. மகாராணியின் குடிமக்கள் எல்லாரும் சமம் என்று பிரகடனம் வந்த காலம் அது. கம்பெனி காசுக்காகச் செய்ததைக்கூட அரசி பெயரிலான ஆட்சி செய்யவில்லை.

ஹாக்னி வீடு

அரசு விலகிய இடத்தில் விடுதி வந்தது. லண்டன் ஆல்ட்கேட் பகுதி ஜூரி தெருவில் ஆயாக்கள் தங்கும் ஒரு வீடு இயங்கி வந்தது. 1900இல் லண்டன் சிட்டி மிஷன் பொறுப்பேற்று அதை ஹாக்னியில் கிங் எட்வர்ட்ஸ் ரோடு 26ஆம் எண் வீட்டுக்கு மாற்றியது; 1921இல் அதே தெருவின் 4ஆம் எண்ணுக்கு மாறியது. ஆண்டுக்கு நூறு பெண்கள் அளவில் அங்கே தங்கினார்கள். இந்திய ஆயாக்களோடு, அதே வேலை செய்த சீன அமாக்களும் இருந்தார்கள். இந்த வரலாற்றை முதலில் விரிவாகத் தொகுத்தவர் ரோஜினா விஸ்ரம். அவருடைய ‘ஆயாஸ், லஸ்கர்ஸ் அண்ட் பிரின்சஸ்’ நூல் 1986இல் வந்தது.

நடத்தியவர்கள் மிஷன்காரர்கள் என்பதால் தங்கியிருந்த பெண்களைக் கிறிஸ்து பக்கம் திருப்புவதும் விடுதியின் நோக்கங்களில் ஒன்று. சாந்தோமிலோ ராயபுரத்திலோ திருமுழுக்குப் பெற்று, சிறுவயதிலிருந்தே ஜெபமாலை உருட்டி வளர்ந்த ஒரு மதராஸ் ஆயா அங்கே மாலை நேரச் சுவிசேஷ வகுப்பில் உட்கார்ந்து என்ன நினைத்திருப்பாள் என்று எண்ணிப் பார்ப்பது சுவாரசியமானது.

விடுதியின் உண்மையான முக்கியத்துவம் பிரார்த்தனையில் இல்லை, டிக்கெட்டில் இருக்கிறது. ஆயாவை அழைத்து வந்த குடும்பம் ஒழுங்கானதாக இருந்தால் அவளுடைய திரும்பு டிக்கெட்டையும் விடுதியில் ஒப்படைத்துவிட்டுப் போகும். இந்தியா கிளம்பும் இன்னொரு குடும்பம் ஆயா கேட்டு விடுதிக்கு வரும். விடுதித் தலைவி அந்த டிக்கெட்டைப் புதுக் குடும்பத்துக்கு விற்று, கிடைத்த பணத்தில் ஆயா காத்திருந்த நாட்களின் சாப்பாட்டு, தங்குமிடச் செலவை ஈடுகட்டுவார். அதாவது அவள் ஊர் திரும்பும் பயணமே அடுத்த வேலையாகிவிடும். அவளுக்குச் சேர வேண்டிய டிக்கெட் அவள் கைக்கு வராமலேயே கைமாறியது. ஆனாலும் அது விடுதியில் பத்திரமாக இருந்தவரை அவள் பிழைத்தாள். கெட்டிக்கார ஆயாக்கள் இதையே நிரந்தரத் தொழிலாக்கிக் கொண்டார்கள். ஆன்டனி பெரேரா என்பவரின் மனைவி என்ற பெயரில் பதிவான ஓர் ஆயா, 1920களின் தொடக்கத்தில், தான் 54 முறை இந்தப் பயணம் செய்ததாகச் சொல்லியிருக்கிறார். மாலுமிகளில்கூடப் பலருக்கு அத்தனை பயணம் வாய்த்திருக்காது. அவரும் கணவர் பெயரால்தான் நமக்குத் தெரிகிறார்.

டிக்கெட் ஒப்படைக்கப்படாத பெண்களின் கதை வேறு. ஒரு குடும்பம் தன் ஆயாவை ஒரு பவுன் பணத்தைக் கையில் கொடுத்துக் கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்தில் விட்டுவிட்டுப் போனது. இதுபோன்ற செய்திகள் குவிந்த நிலையில், பிரிட்டனில் தவிக்கும் குடியேற்ற நாட்டினர், இந்தியர் பற்றி ஆராய அமைந்த குழு 1910இல் அறிக்கை தந்தது. விடுதியின் தலைவியும் அதன்முன் சாட்சி சொன்னார். விசாரணை நடந்தது, அறிக்கை வந்தது, பொறுப்பு மட்டும் யார்மேலும் விழவில்லை. முதல் உலகப் போரில் பெண்கள் கடற்பயணம் செய்வது ஆபத்து என்று தடுக்கப்பட்டபோது திரும்ப முடியாத ஆயாக்கள் விடுதியில் நிரம்பினார்கள். 1917இல் தங்கியவர்களின் எண்ணிக்கை 200ஐத் தாண்டியது.

இரண்டாம் உலகப் போரும் இந்திய விடுதலையும் விமானமும் அடுத்தடுத்து வந்து இந்தத் தொழிலை முடித்துவைத்தன. ஹாக்னி வீட்டின் சுவரில் நினைவுப் பலகை பதிக்க 2022 ஆக வேண்டியிருந்தது.

இடைக்காலம்

மதராஸ் துறைமுகத்திலிருந்து கிழக்கே போன கப்பல்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1926இல் வந்த ‘ரஜுலா’ 1973 வரை மதராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. பின்னர் ‘சிதம்பரம்’ ஓடி, 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்ததோடு அந்த வழித்தடம் முடிந்தது. அந்தக் கப்பல்களில் வீட்டு வேலைக்குப் போன பெண்கள் பெரும்பாலும் உறவென்ற பேரில், தெரிந்த குடும்பத்தோடு போனவர்கள். அவர்களைப் பற்றிய ஆவணங்கள் ஹாக்னி விடுதி விட்டுச்சென்ற அளவுக்குக்கூட இல்லை.

இதற்குள் வடசென்னையே மாறிவிட்டது. எண்ணூரில் 1948இல் அசோக் மோட்டார்ஸ், 1950களில் திருவொற்றியூரில் என்ஃபீல்டு, 1960களில் மணலி சுத்திகரிப்பு ஆலை, 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம் என்று ஆலைகள் வந்தன. அவை பெரும்பாலும் ஆண்களுக்கே நிரந்தர வேலை தந்தன. 1980களில் கண்டெய்னர் வந்து துறைமுகத்தின் கைவேலையைக் குறைத்தது. 1996இல் பின்னி ஆலை மூடப்பட்டது. எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பலும் எண்ணெயும் கலந்தன. 2017 ஜனவரியிலும் 2023 டிசம்பரிலும் எண்ணெய்க் கசிவு மீனவர் வலைகளை நாசம் செய்தது. இவற்றுக்கும் பெண்கள் வெளிநாடு போவதற்கும் நேர்கோடு போடுவது அவசரம். ஆனால் கணவனுக்கு நாள் வேலை நின்று, தண்டல்காரருக்கு வாரம் தவறாமல் கட்ட வேண்டிய வீடுகளில் குவைத் என்ற பெயர் எந்தச் சூழலில் காதில் விழுந்தது என்பதை இந்தப் பின்னணி இல்லாமல் புரிந்துகொள்ள முடியாது.

கத்தாமா

1973க்குப் பின் எண்ணெய்ப் பணம் வளைகுடா வீடுகளில் ஆள் வைத்துக்கொள்ளும் பழக்கத்தைப் பரவலாக்கியது. அந்த வேலைக்குப் போன தமிழ்ப் பெண்கள் அங்கே கத்தாமா, அதாவது வீட்டுப் பணிப்பெண். அவர்களைப் பொறுப்பேற்று அழைக்கும் எஜமானர் கபீல். அவருடைய ஒப்புதல் இல்லாமல் வேலை மாறவோ, நாட்டைப் பொறுத்து வெளியேறவோ முடியாது என்பதே கஃபாலா முறையின் சாரம். பாஸ்போர்ட்டை அவரே வாங்கி வைத்துக்கொள்வது சட்டப்படி குற்றம் என்றாலும் நடைமுறையில் வழக்கம். ஹாக்னியில் டிக்கெட்டாவது நடுநிலையான மூன்றாம் கையில் இருந்தது. இங்கே டிக்கெட், பாஸ்போர்ட், இக்காமா என்ற குடியிருப்பு அனுமதி எல்லாம் வேலை வாங்குகிறவரிடமே.

1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் வீட்டு வேலையை ‘வேலை’ என்ற வரையறைக்குள் சேர்த்தது. பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட் ஈசிஆர் (குடிபெயர்வுச் சோதனை தேவை) வகையைச் சேரும். 18 நாடுகளுக்கு அவர்கள் வேலைக்குப் போகக் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி வேண்டும். 2007ஐ ஒட்டி இந்திய அரசு பெண் வீட்டுப் பணியாளர்களுக்கென்று நிபந்தனைகள் கொண்டுவந்தது. குறைந்தது 30 வயது. ஒப்பந்தத்துக்குத் தூதரகச் சான்று. எஜமானர் ஒரு மொபைல் போன் தர வேண்டும். நேரடியாக ஆள் எடுத்தால் இந்தியத் தூதரகத்தில் 2,500 டாலர் பிணை வைக்க வேண்டும்.

கம்பெனி காலத்துப் பிணைத்தொகை ஒன்றரை நூற்றாண்டு கழித்துத் திரும்பி வந்துவிட்டது. அதிகாரிகள் பழைய கோப்புகளைப் பார்த்து இதைச் செய்திருப்பார்கள் என்று தோன்றவில்லை. அதே சிக்கல் அதே தீர்வைப் பிறப்பித்திருக்கிறது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கம்பெனி தன் ஆளுகைக்கு உட்பட்ட துரைமார்களிடம் வசூலித்தது. இந்திய அரசோ வேற்று நாட்டுக் குடிமக்களிடம் கேட்டது. வளைகுடா அரசுகளும் ஆள்பிடிக்கும் முகமைகளும் முணுமுணுத்தன; பிணை இல்லாத நாடுகளிலிருந்து ஆள் எடுப்பது எளிதாக இருந்தது. பின்னர் குவைத்துக்கு அந்த நிபந்தனை விலக்கப்பட்டது.

சிங்கப்பூர் இதே யோசனையை மறுமுனையிலிருந்து செய்து காட்டியது. அங்கே வெளிநாட்டுப் பணிப்பெண் வைக்கும் எஜமானர், மலேசியர் அல்லாத ஒவ்வொருவருக்கும் 5,000 சிங்கப்பூர் வெள்ளிக்கான பிணை தன் அரசிடமே தர வேண்டும். ஊருக்கு அனுப்பும் செலவும் அவருடையதே. ஆள் எடுக்கும் நாடு கேட்டால் எஜமானர் கொடுக்கிறார், ஆள் அனுப்பும் நாடு கேட்டால் சந்தை வேறு பக்கம் திரும்புகிறது. பிணைத்தொகையின் வரலாறு முழுவதிலும் கிடைக்கும் பாடம் இதுதான் என்பேன். சிங்கப்பூர் ஏற்பாடும் குறையில்லாதது அல்ல. பிணை பறிபோய்விடுமோ என்று எஜமானர்கள் பணிப்பெண்ணை வெளியே விடாமல் அடைத்து வைப்பதாக நெடுநாள் புகார் இருந்தது. வாரம் ஒரு நாள் ஓய்வு அங்கே சட்டமானதே 2013இல்தான்.

ஐரோப்பாவின் ‘ஒ பேர்’ முறையை இந்த இடத்தில் வைத்துப் பார்க்கலாம். 1969இல் ஸ்ட்ராஸ்பர்கில் அதற்கென்று ஓர் உடன்பாடு எழுதப்பட்டது. ஜெர்மனியில் இன்று 27 வயதுக்குக் குறைந்தவர்கள், அடிப்படை ஜெர்மன் தெரிந்திருந்தால் போகலாம். வாரம் 30 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. மாதம் 280 யூரோ கைச்செலவுக்கு. வேலை என்று சொல்லாமல் பண்பாட்டுப் பரிமாற்றம் என்று சொல்வதால் ஊதியச் சட்டம் தொடாமல் பார்த்துக்கொள்ளும் தந்திரமும் அதில் இருக்கிறது. மலிவான வீட்டு வேலையாக அது மாறிவிட்டது என்ற விமர்சனம் முற்றி, நார்வே 2024இல் அந்த ஏற்பாட்டையே முடித்துக்கொண்டது. இந்தியா 30 வயதுக்குக் குறைந்தவளை அனுப்ப மாட்டேன் என்கிறது. ஜெர்மனி 27 ஆனவளை எடுக்க மாட்டேன் என்கிறது. முன்னது அவளைத் தொழிலாளியாகப் பார்த்து அஞ்சுகிறது, பின்னது அவளை மாணவியாகப் பார்த்து வரவேற்கிறது.

வயது விதி பாதுகாப்பாக இருக்க, அது சரிபார்க்கப்பட வேண்டும். இலங்கையின் மூதூரிலிருந்து 2005இல் சவுதி போன ஒரு சிறுமியின் பாஸ்போர்ட்டில் வயது கூட்டிக் காட்டப்பட்டிருந்தது. குழந்தை வளர்ப்பில் பயிற்சியே இல்லாத அவள் பொறுப்பில் இருந்த பச்சிளங்குழந்தை இறந்தது. அதைக் கொலை என்று தீர்ப்பளித்து 2013 ஜனவரியில் அவளுக்கு மரண தண்டனை நிறைவேற்றினார்கள். தமிழ் பேசும் உலகம் இந்த வேலையைப் பற்றிப் பேசத் தொடங்கியதில் அந்த வழக்குக்குப் பெரும் பங்கு உண்டு.

அதன்பின் காகிதத்தில் நிறைய நடந்தது. 2014 ஜனவரியில் இந்தியாவும் சவுதியும் வீட்டுப் பணியாளர் ஒப்பந்தம் செய்தன. குவைத் தன் 2015ஆம் ஆண்டின் 68ஆம் எண் சட்டத்தில் நாளுக்கு 12 மணி நேர உச்சவரம்பு, வார ஓய்வு, ஆண்டுக்கு ஒரு மாத விடுப்பு ஆகியவற்றை எழுதியது. 2016 முதல் ஈசிஆர் பாஸ்போர்ட் வைத்திருக்கும் பெண்களை அந்த நாடுகளுக்கு வேலைக்கு எடுக்க அரசு முகமைகளுக்கு மட்டுமே அனுமதி. தமிழ்நாட்டில் அது 1978இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கை 2011இலேயே வந்துவிட்டது. இந்தியா அதை ஏற்று உறுதி செய்யவில்லை.

அரசு முகமை வழியாகப் போனால் ஒப்பந்தம் உண்டு, காப்பீடு உண்டு, ஆனால் காத்திருக்க வேண்டும். சப் ஏஜென்ட் வீட்டுக்கே வருகிறார், முன்பணம் தருகிறார், விசிட் விசாவில் துபாய்க்கு ஏற்றிவிடுகிறார். சுற்றுலாப் பயணிக்குப் பாதுகாவலரின் அனுமதி தேவையில்லை என்பதால் அவள் பெயர் எந்தக் கோப்பிலும் ஏறுவதில்லை. வீட்டில் தங்கிப் பிள்ளை பார்க்கும் பெண் பட்டியலில் பெயரில்லாமல் போன காலத்துக்கு, இந்த ஒரு விசா வழியாக, நாம் திரும்பிவிட்டோம்.

அப்படிப் போனவள் வேலைக் கொடுமை தாங்காமல் வெளியேறித் தூதரகக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தால், பாஸ்போர்ட் இல்லாததால் ஊர் திரும்ப மட்டும் செல்லும் அவுட் பாஸ் எழுதித் தருகிறார்கள். டிக்கெட்? 2009இல் இந்திய அரசு உருவாக்கிய இந்தியச் சமூக நல நிதியிலிருந்து தூதரகம் அதை வாங்கித் தர முடியும். கம்பெனி எஜமானரிடம் கேட்டதையும் இந்தியா ஆபீஸ் கைகழுவியதையும், நூறாண்டு கழித்து அரசே ஏற்றுக்கொண்டது. இந்த வரலாற்றில் அது சிறிய மாற்றமல்ல. அந்த நிதி எங்கிருந்து வருகிறது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். பாஸ்போர்ட் புதுப்பிக்கவும் சான்றொப்பம் பெறவும் தூதரகத்துக்கு வரும் இந்தியர்களிடம், கட்டணத்தோடு சேர்த்து ஆளுக்கு இரண்டு மூன்று டாலர் என்று வசூலிக்கிறார்கள்.